ஒரு கார்வைக்கு ஒரே தட்டு

மேடையில் வீற்றிருக்கும் சபைத் தலைவர் மர்காந்தோனியோ அவர்களே! பூசையை முடித்துவிட்டுப் பசியோடு அமர்ந்திருக்கும் அருட்தந்தை வெத்தோர் அவர்களே! கணவரை இழந்து கறுப்பு முக்காட்டுக்குள் இருக்கும் சனேத்தா அம்மையாரே! வராமல் வந்திருக்கும் செனட்டர் பெருமகனாரே! நரம்பை மீட்டியும் குழலை ஊதியும் இந்த வெனிஸ் நகரத்தில் வயிறு வளர்க்கும் வாத்தியக்காரர் சபையின் சகோதரர்களே! துக்கம் கேட்க வந்தவர்களே, துக்கச் சாப்பாட்டுக்கு வந்தவர்களே, மழைக்கு ஒதுங்கியவர்களே! உங்கள் எல்லோருக்கும் பொர்த்தோலோவின் வணக்கம்.

இன்று யாருக்காகக் கூடியிருக்கிறோம்? லூட் வாத்தியத்தின் வேந்தருக்காக! வெனிஸின் வானம்பாடிக்காக! மாயெஸ்ட்ரோ பொலிதோரோ அவர்களுக்காக! அவர் மறைந்த அன்று அவர் லூட்டின் நரம்புகள் தாமாகவே அழுதன என்று எனக்கு முன்னால் பேசிய தம்பி சொன்னார். நீங்களும் மூக்கைச் சிந்தினீர்கள். நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நரம்புகள் அழவில்லை. கால்வாயோரத்து ஈரக்காற்றில் தொய்ந்து கிடந்தன, அவ்வளவுதான்.

இறந்தவரை ஏசக் கூடாது என்பார்கள். இருக்கட்டும். உயிரோடு இருந்தபோது மட்டும் ஏச விட்டாரா? நான் வாயைத் திறந்தால் அவர் லூட்டை எடுத்துப் பிருகாவை ஆரம்பித்துவிடுவார். பிறகு நான் எப்போதுதான் ஏசுவது?

அவர் மாபெரும் கலைஞர்! நான் மறுக்கவில்லை. அந்த விரல்களின் ஓட்டத்தை இந்த ஊர் இனிப் பார்க்காது. அவர் மாபெரும் அகம்பாவி! அதை நீங்கள் மறுக்காதீர்கள். தன்னைப் புகழாதவனோடு பேச மாட்டார். புகழ்ந்தவனிடம் ‘இவ்வளவுதானா?’ என்பார். வாசிக்கும் மேசையில் மெழுகுவத்தி அவர் பக்கம், சாய்மான நாற்காலி அவருக்கு, முக்காலி எனக்கு. மது வந்தால் முதல் கிண்ணம் அவருக்கு, இரண்டாவதும் அவருக்கு. ‘இவரு யாரு?’ என்று என்னைக் காட்டி யாராவது கேட்டால், ‘கூட வந்தவரு’ என்பார். அவரோடு சேர்ந்து வாசித்தே என் தலை நரைத்தது. கடைசி வரை நான் கூட வந்தவன்தான்.

அந்த மூலையில் யார் சீறுவது? நீ அவரிடம் வாங்கிய அறையின் தழும்பு இன்னும் உன் கன்னத்தில் தெரிகிறது, தம்பி. சீறாமல் உட்கார்.

இன்று காலை பூசைக்கு முன் நம் தலைவர் என் தோளில் கை போட்டார். மர்காந்தோனியோ தோளில் கை போட்டால் ஏதோ பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம்.

“பொர்த்தோலோ அண்ணே, நீங்க நாலு வார்த்தை பேசுங்க, போதும். வாசிக்க வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“தப்பா நெனைக்காதீங்க. உங்க அடிப்பாகத்தைத் தனியா கேட்டா ஜனங்க சிரிச்சிருவாங்கண்ணே. செனட்டர் வேற வர்றாரு. மாயெஸ்ட்ரோவோட தங்கச்சி மகன் தாதேயோ மேல்பாகத்தை வாசிக்கட்டும். கேக்கவும் நல்லாருக்கும், அழறவங்களுக்கும் வசதியா இருக்கும்.”

அழுவதற்கு வசதியாம்! கேட்டீர்களா சகோதரர்களே? தலையைக் குனியாதீர்கள் தலைவரே, சொன்னது நீங்கள்தான்.

நம் சபையின் வழக்கம் என்ன? தலைவருக்கு மறந்துவிட்டதால் சொல்கிறேன். சேர்ந்து வாசித்த இருவரில் ஒருவர் இறந்தால், இரங்கல் கூட்டத்தின் முடிவில் மிஞ்சியவர் இங்கே வந்து உட்கார வேண்டும். எதிரே காலி நாற்காலி போட வேண்டும். தன்னுடைய பாகத்தை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், முதலிலிருந்து கடைசி வரை தனியாக வாசிக்க வேண்டும். இதுதானே வழக்கம்? காஸ்பரோ இறந்தபோது இப்படித்தானே செய்தோம்?

காஸ்பரோவும் என்னைப் போல அடிப்பாகக்காரர். அன்று மிஞ்சியவர் மேல்பாகக்காரர். வாசித்தார். அருவி மாதிரி கொட்டியது. கூட்டம் தேம்பியது. எதுவும் குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. காஸ்பரோவின் மனைவி என் பக்கத்தில் இருந்தாள். மெல்லத் திரும்பி, “எல்லாம் முழுசாத்தானேய்யா இருக்கு? அப்ப இத்தனை வருஷமா எங்க வீட்டுக்காரரு என்னதான் வாசிச்சாரு?” என்று கேட்டாள். அந்த அம்மாள் இதோ, தூணுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, இன்று பதில் வரும்.

செனட்டர் அவர்கள் இசை பயின்றவர் அல்ல. கோபிக்க வேண்டாம் பெருமானே, நானும் சட்டம் பயின்றவன் அல்ல. ஊரெல்லாம் அறிந்த பழைய நடன மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு அது ‘உப்புக்காரன் மகள்’. மீன் கழுவுகிறவளும் முணுமுணுப்பாள், படகு தள்ளுகிறவனும் முணுமுணுப்பான். அதன் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து நீட்டி, கார்வையாக்கி, அடியில் போடுவோம். அதுதான் நிலைமெட்டு. நெளியாது, குழையாது. அதை நான் தடித்த நரம்புகளில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதன்மேல் ஏறி அவர் ஓடுவார், தாவுவார், குட்டிக்கரணம் போடுவார். நீங்கள் கை தட்டுவது குட்டிக்கரணத்துக்கு.

ஆனால் லூட் என்ன, தேவாலயத்து ஆர்கனா? ஆர்கனுக்குத் துருத்தி உண்டு, சுரம் வேண்டிய மட்டும் நிற்கும். லூட்டில் தட்டிய சுரம் தட்டிய கணத்திலேயே சாகத் தொடங்குகிறது. கார்வை அறுந்துபோகாமல் இருக்க நடுவில் மறுபடி தட்ட வேண்டும். எந்த இடத்தில் தட்டுவது? அதில்தான் இருக்கிறது எல்லாம்! முந்தித் தட்டினால் மேலே ஓடுகிறவரின் கால் தடுக்கும். பிந்தித் தட்டினால் அவர் அந்தரத்தில் தொங்குவார். அவர் கால் எங்கே விழப் போகிறதோ அங்கே, விழுவதற்குச் சற்று முன், ஒரு பலகையைச் செருகுவது போலத் தட்ட வேண்டும். ஒரு மெட்டை இரண்டு லூட்டுக்கு அமைப்பது என்றால் அதில் பாதி வேலை இதுதான். அதை எந்த இசைத்தாளிலும் குறிப்பதில்லை. தட்டுகிறவனின் கட்டைவிரலில் இருக்கிறது.

இதற்குத்தான் வானம்பாடியார் என்னோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றார்.

“யோவ், ஒரு கார்வைக்கு ஒரே தட்டு! தட்டு, அப்புறம் அது சாகட்டும்! எதுக்கய்யா செத்ததை எழுப்பி எழுப்பி உக்கார வெக்கிற?”

“செத்துப்போச்சுன்னா நீங்க எது மேல நிப்பீங்க மாயெஸ்ட்ரோ?”

“நான் பறவைய்யா. எனக்கு எதுக்குத் தரை?”

ரியால்தோ சந்தைப் பக்கத்து நாவிதர் கடையில், வாடிக்கையாளர் மீட்டுவதற்கென்று சுவரில் மாட்டிய ஓட்டை லூட்டோடு நாங்கள் முதன்முதலில் சந்தித்த அன்றே இந்தச் சண்டை தொடங்கியது. பாதித் தாடி மழித்த முகத்தோடு என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு படகில் நடந்தது. பிரபுக்கள் வீட்டு வாசலில் நடந்தது. அவர் திருமணத்தன்று, சனேத்தா அம்மையாரே, உங்கள் அருகில் உட்கார்ந்துகொண்டே மேசையில் கரண்டியால் தட்டித் தட்டி நடந்தது. ஞாபகம் இருக்கிறதல்லவா? நீங்கள் அப்போதும் அழுதீர்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடைய சேவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். பதுவாவில் ஒரு திருமணம். நாங்கள் ஒத்திகை பார்த்தது அவருடைய பழைய லூட்டில். அன்று அவர் கொண்டுவந்தது வேறு லூட், அளவில் சிறியது. ஏன் தெரியுமா? அதன் நரம்பு முறுக்கும் ஆணிகள் தந்தம், புதுச் சட்டைக்குப் பொருத்தமாக இருந்தன! சிறிய லூட் என்றால் சுருதி உயரும். நம் இசைத்தாள் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும்தானே சொல்லும்? என்ன சத்தம் வரும் என்று சொல்லாதே! அவர் விரல் வழக்கமான இடத்தில்தான் விழுந்தது. வெளியே வந்த சுரமோ வேறு. முதல் தட்டிலேயே இரண்டு லூட்டும் பூனையும் நாயும் போலக் கத்தின. நடன மெட்டு முழுவதையும் நான் அந்த இடத்திலேயே ஒரு சுரம் தூக்கி வாசித்தேன். பழகிய இடத்தில் ஒரு விரல் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

முடிந்ததும் மணமகளின் தந்தை எழுந்து, “இன்னிக்கு ஒரு புது இனிமை இருந்துச்சே மாயெஸ்ட்ரோ!” என்றார். நம் வேந்தர் மார்பில் கை வைத்துக் குனிந்து, “இதுக்காக ரொம்ப நாளா யோசிச்சேன் பிரபு” என்றார்! திரும்பும் படகில் அவரை முறைத்துக்கொண்டே வந்தேன். காடியில் ஊறிய மத்தியைத் தின்றுகொண்டே அவர் சொன்னார்: “மொறைக்காத. நான் எந்த லூட்டை எடுத்துட்டு வந்தாலும் நீ சமாளிச்சிருவேன்னு எனக்குத் தெரியாதா?”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் அருட்தந்தை, தலையை ஆட்டுகிறார். தந்தையே, மாட்டுக்காரன் மாட்டைத் தட்டிக்கொடுப்பதும் பாராட்டுதான்.

இப்போது இந்த தாதேயோ. தாடி வைத்த பெரிய மனிதர், ஊர் ஊராக வாசித்தவர். மாமாவின் மேல்பாகத்தைக் கேட்டுக் கேட்டு அப்படியே விரலில் ஏற்றியிருக்கிறார். ஒரு பிருகா தப்பவில்லை, நான் சாட்சி. நேற்று ஒத்திகைக்கு வந்தார். இடையில் நிறுத்தி என்னைக் கேட்டார்: “பெரியவரே, இந்த எடத்துல மாமா ஏன் கொஞ்சம் தயங்குறாரு? எனக்குப் புரியவே இல்ல.” எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. ஐயா, அந்த இடத்தில் கீழே ‘உப்புக்காரன் மகள்’ திரும்புகிறாள்! உங்கள் மாமா தயங்கவில்லை, அவளுக்கு வழிவிட்டார்! மெட்டு எது என்றே தெரியாமல் மெட்டின் மேல் ஓடக் கற்றிருக்கிறீர்கள். மாடிப்படி இல்லாத மாடி!

என்ன? எழுந்துவிட்டீர்களா? சொல்லுங்கள், சபைக்குக் கேட்கட்டும்.

“எங்க மாமா செத்த வீட்டுல வந்து இப்படிப் பேசறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அவரு இல்லன்னா உங்களை யாருக்குத் தெரியும்?” என்கிறார். கை தட்டுகிறீர்கள். நன்றாகத் தட்டுங்கள். நியாயமான கேள்விதான். அவர் இல்லாவிட்டால் என்னை யாருக்கும் தெரியாது. அவர் இருந்தபோதும் யாருக்கும் தெரியாது. உட்காருங்கள் தாதேயோ. அவருடைய சாய்மான நாற்காலியில் அல்ல, வேறு எங்காவது.

சகோதரர்களே! இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். தாதேயோவின் கேள்வி என்னைச் சொல்ல வைக்கிறது.

என் மனைவி ஓர்சொலா இறந்த வாரம். அடக்கம் முடிந்து வீட்டில் அடுப்புகூட மூட்டவில்லை. மாயெஸ்ட்ரோ வாசலில் வந்து நிற்கிறார். ஆறுதல் சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்?

“கௌம்புய்யா. ஞானஸ்நான விருந்து ஒண்ணு இருக்கு.”

“மாயெஸ்ட்ரோ, என் பொண்டாட்டி செத்துப்போயிருக்கா.”

“தெரியும். துக்கம் மெதுவாத்தானே போகும்? ஒன் பாகமும் மெதுவாத்தானே. வா.”

நீங்களே சொல்லுங்கள், இவன் மனிதனா? அன்றுதான் முடிவு செய்தேன். மாந்துவாவிலிருந்து ஒருவர் தன்னோடு வாசிக்க வரச் சொல்லி என்னை வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த விருந்தோடு சரி, முடிந்ததும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விடுவது என்று துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் படகேறினேன்.

நடுப்பகல். பெரிய கூடம். ‘உப்புக்காரன் மகள்’ ஆரம்பித்தோம். ஓர்சொலா மீன் செதில் உரசும்போது இந்த மெட்டைத்தான் முணுமுணுப்பாள். ஓரிடத்தில் மெட்டு மேலே ஏறும், அவள் கீழே இறங்குவாள். எப்போதும் அதே இடத்தில் அதே தப்பு. நான் திருத்துவேன், அவள் திட்டுவாள். அந்த இடம் வந்தது. என் கை நின்றுவிட்டது. விரல் நரம்பின் மேல் இருக்கிறது, தட்ட வரவில்லை.

அடியில் ஒன்றும் இல்லை. மேலே அவர் மட்டும் ஓடுகிறார். வெறும் பறவை. ஒரு கணம்தான். பிறகு அவர் பிருகாவை அப்படியே நிறுத்தினார். தடித்த நரம்புகளுக்கு இறங்கினார். என் பாகத்தை எடுத்து வாசித்தார்.

கேட்கிறீர்களா? பொலிதோரோ! அடிப்பாகம்! வெறும் மெட்டு, நீள நீளமாக. விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கெழவனுக்கு வெரல் போச்சுடா” என்று ஒருவன் சொன்னது எங்கள் மேசை வரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். கொட்டாவி விட்டவன்மேல் சாப்பாட்டுத் தட்டை எறிந்த மனிதர் அவர்! அன்று தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன்? அவர் மறுபடி தட்டினார்! ஒரு கார்வைக்கு ஒரே தட்டு என்று என் உயிரை எடுத்த மனிதர், ஒவ்வொரு கார்வையிலும் நடுவில் தட்டினார்! நான் எங்கே தட்டுவேனோ அங்கே! எந்தத் தாளிலும் இல்லாத இடங்கள், சகோதரர்களே. என் கட்டைவிரலில் மட்டும் இருந்த இடங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை வருடமும், கத்திக்கொண்டே, என்னைக் கூட வந்தவன் என்று சொல்லிக்கொண்டே, அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என் கை திரும்பி வந்தது. மெட்டை வாங்கிக்கொண்டேன். அவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

படகில் உட்கார்ந்தோம். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்.

“ஒன் பாகம் எவ்ளோ சலிப்புய்யா! எப்படித்தான் தூங்காம வாசிக்கிறியோ! நாளைக்குச் சீக்கிரம் வந்து சேரு. இன்னிக்கு நீ தட்டுனது ரொம்ப ஜாஸ்தி.”

மறுநாள் ரியால்தோ முழுக்க நரம்பில் ஈரம் ஏறிவிட்டது, அதனால்தான் மேல்பாகம் எடுபடவில்லை என்று சொல்லித் திரிந்தார். என் கை நின்றதை ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் மாந்துவா போகவில்லை. வீட்டுக்கு வந்து துணிமூட்டையை அவிழ்த்தேன். அதற்காக அவரை மன்னிக்கவே மாட்டேன்! நிம்மதியாக வெறுக்கக்கூட விடவில்லை அந்த மனிதர். மாந்துவாவில் எனக்கு முதுகு சாய நாற்காலி கிடைத்திருக்கும், மெழுகுவத்தி கிடைத்திருக்கும். அங்கே யார் என் தட்டைக் கேட்டிருப்பார்கள்? சொல்லுங்கள், யார்?

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுப்பது முறை. எடுக்கிறேன். இந்தச் சபையில் இனி எவராவது நிலைமெட்டு இல்லாமல் மேல்பாகத்தை மட்டும் வாசித்துவிட்டு இதுதான் முழு இசை என்று சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாக இருமுவேன். உயிர் இருக்கும் வரை இருமுவேன். அவர் எனக்கு விட்டுச்சென்ற பணி சண்டை. அதைக் குறைவின்றி நடத்துவேன் என்று இந்தச் சபை முன் உறுதி கூறுகிறேன்.

தலைவரே, என் லூட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தச் சாய்மான நாற்காலியை எதிரே போடுங்கள். மெழுகுவத்தியை அந்தப் பக்கமே வையுங்கள், எனக்கு வேண்டாம். சிரிப்பு வருகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். காஸ்பரோ வீட்டு அம்மா, உங்கள் கணவர் என்ன வாசித்தார் என்று கேட்டீர்களே, கேளுங்கள்.

கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பது வழக்கம் என்றேன். கூட்ட மாட்டேன். ஆனால் இன்று குறைப்பேன். நடுவில் மறுதட்டு இல்லை. நான் மறுபடி மறுபடி தட்டியது அவர் கால் வைக்க. கால் வைக்க ஆள் இல்லாதபோது பலகை எதற்கு?

யோவ் பொலிதோரோ. நீ ஜெயிச்சிட்டய்யா. ஒரு கார்வைக்கு ஒரே தட்டு. தட்டறேன். அப்புறம் அது சாகட்டும்.